வில்லோடு போன சனிக்கிழமை

வெஸ்ட்லி, ஒஸ்லோ
12-11-2006

தம்பி சிவாவுக்கு,

சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கவில்லை, குறை நினைக்காதே. நீ ரெலிபோனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் லைன் அறுந்துவிடுகிறது. உன் மீன் தொழிற்சாலைக்கு அடித்து விலாசம் வாங்கி எழுதுகிறேன். கடிதத்தையாவது முடியும்வரை வாசிப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அத்தான் மரத்திலிருந்து விழுந்து நேற்றோடு ஐந்து கிழமை. கழுத்தெலும்பு முறிந்தது முறிந்ததுதானாம். கைகளைக் கொஞ்சம் தூக்குகிறார், விரல்கள் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாது. பதினைந்து வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு நான் கரண்டியால் ஊட்டுகிறேன். அவர் வாயைத் திறக்கும்போது என்னைப் பார்ப்பதில்லை, யன்னலைப் பார்க்கிறார்.

விழுந்தது சனிக்கிழமை. புதன்கிழமை நீ வடக்கே மீன் வெட்டப் போய்விட்டாய். உன் அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. நோர்வேக்கு வந்த நாளிலிருந்து மூன்று வருடம் என் வீட்டு சோபாவில் படுத்தவன் நீ. அத்தான் உனக்காக எத்தனை கந்தோர் வாசலில் நின்றார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தான் தனியாகப் போனதாகத்தான் அவர் சொல்கிறார். "சும்மா மான் பாக்கத்தான் ஏறினனான்" என்கிறார். பல்ப் மாற்ற ஏணியில் ஏறினாலே என்னை வந்து பிடிக்கச் சொல்கிற ஆள். மரத்தில் இருக்கும்போது இடுப்பில் கட்டுகிற பட்டி பைக்குள் மடித்தபடியே இருந்தது. கீழே சாமான் அறையில் வில்லைக் காணவில்லை. மான் பார்க்க வில் எதற்கு?

யாரோ ஒருவர் அத்தானின் போனிலிருந்தே அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாராம். அந்தப் புண்ணியவானைப் பொலிஸ் தேடுகிறது. உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

அக்கா இந்திரா


பொட்ஸ்பியோர்ட்
27-11-2006

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நாலு நாளாகச் சூரியன் எழும்பவில்லை, இனி ஜனவரியில்தானாம். காலை ஆறு மணிக்குக் கையுறையைப் போட்டால் பின்னேரம் வரைக்கும் மீன்தான். விரல் மரத்துப் போவதால் ரெலிபோன் பொத்தானை அமத்தவும் முடிவதில்லை. அதனால்தான் பேசவில்லை, வேறு ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் குறொன்லாண்டில் கடையில் வேலை. ஆறு மணிவரை அரிசி மூட்டை இறக்கினேன். அத்தான் எங்கே போனார், யார் ரெலிபோன் அடித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வில் அவர் பழகப் போகிற கழகத்தில் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

நான்தான் அவருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிப்பித்தேன் என்று நீங்கள் நினைப்பது எழுத்தில் தெரிகிறது. அவர்தான் என்னைக் கேட்டவர், அக்கா. "சிவா, வன்னியிலை நீ வில்லாலை மான் அடிச்சனியாம், எனக்கும் பழக்கிவிடு" என்று உங்கள் மேசையில் வைத்துத்தான் கேட்டார். நீங்கள் புட்டு அவித்துக்கொண்டு நின்றீர்கள்.

நான் எப்படிப் பழகினேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து காட்டோரம் கிடந்தோம். துவக்கு இல்லை, இருந்தாலும் தோட்டா இல்லை. கமுகஞ் சலாகையை வளைத்து நைலோன் கயிறு கட்டினோம். ஆறங்குல ஆணியைத் தட்டித் தட்டிக் கூராக்கினோம். இயக்கத்திடம் பிடிபட்டால் பங்கர் வெட்ட விடுவார்கள். முதல் மான் விழ எனக்கு ஏழு மாதம் எடுத்தது. பதினைந்து அடி கிட்டப் போக வேண்டும், காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், அதுவரைக்கும் வயிறு சத்தம் போடக் கூடாது. வெறும் வயிறு எப்படிச் சத்தம் போடாமல் இருக்கும்? எத்தனையோ மான் என் வயிற்றுச் சத்தத்தில் ஓடியிருக்கிறது.

இங்கே அத்தானின் வில்லுக்கு இரண்டு பக்கமும் சில்லு. குறி பார்க்க மூன்று நிறத்தில் புள்ளி. சூடாக்கிய மண்டபத்தில் ரப்பர் மானுக்கு எய்துவிட்டுக் கோப்பி குடிக்கிறார்கள். நோர்வேயில் வில்லால் வேட்டையாடத் தடை என்பதால் டென்மார்க்கில் சோதனை பாஸ் பண்ணி அங்கே போய் அடிக்கப் போவதாக ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். நான் பசிக்குப் பழகியதை அவர் பொழுதுபோக்குக்குப் பழகினார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பழக்கினேன். அவர் சோற்றைத் தின்றவன் அல்லவா?

புஷ்பமலர் இன்னும் வெள்ளவத்தை லொட்ஜில்தான். இரண்டு தடவை சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவளை மனைவியாகக் கூப்பிடும் மனு குடிவரவுக் கந்தோர் யூடிஐயில் கிடக்கிறது. இந்த நேரம் என் பெயர் எந்தப் பொலிஸ் கடதாசியிலும் வரக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

தம்பி சிவானந்தன்


வெஸ்ட்லி
20-01-2007

சிவா,

நேற்றுமுன்தினம் பொலிசில் கூப்பிட்டார்கள். வெஸ்ட்லிக்குப் பின்னால், காட்டுச் சதுப்பில், நாயோடு நடந்த ஒருவர் செத்த மானைக் கண்டிருக்கிறார். விலாவில் ஓட்டை, உள்ளே குண்டு இல்லை. அத்தான் விழுந்த இடத்திலிருந்து அரை மைல்கூட இல்லை. அதனால் அம்புலன்சைக் கூப்பிட்டவனைச் சாட்சியாகத் தேடுகிறார்களாம். மரியாதையான பெடியன். கோப்பி தந்தான். பிறகு பதிவு செய்த அந்தக் குரலைப் போட்டுக் காட்டினான்.

"ஆள் மரத்தாலை விழுந்திட்டார், கெதியா வாங்கோ" என்று உடைந்த நோர்வே மொழியில் ஒருவன் சொல்கிறான். இடத்தைச் சொல்கிறான். பிறகு ரெலிபோனை வைக்காமல் அந்தப் பக்கம் திரும்பித் தமிழில், "அத்தான், கண்ணை மூடாதேங்கோ, வாறாங்கள்" என்கிறான்.

உன்னை ஒரு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இருமினாலே நீ என்று தெரியும்.

பெடியன் கேட்டான்: "கடைசியிலை கதைக்கிறது என்ன மொழி? உங்கடை மொழியோ?"

நான் இல்லை என்றேன். "இது தமிழ் இல்லை, எனக்கு விளங்கேல்லை" என்றேன். வெஸ்ட்லிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் அ, ஆ எழுதப் பழக்குகிற நான் சொன்னேன். நீ காட்டில் நின்ற அந்தச் சனிக்கிழமையும் நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் நின்றேன். பெடியன் எழுதிக்கொண்டான். கையெழுத்துப் போட்டேன். 

உன்னைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்படாதே. அந்த நேரம் எனக்குப் புஷ்பமலரின் முகம்தான் வந்தது. பொய்யை நான் சொல்லிவிட்டேன், இனி உண்மையை நீ எனக்குச் சொல்லு. அரிசி மூட்டைக் கதை வேண்டாம்.

இந்திரா அக்கா


பொட்ஸ்பியோர்ட்
18-02-2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று கிழமை சட்டைப் பையில் வைத்திருந்தேன். மீன் மணம் பிடித்துவிட்டது. இப்போது எழுதுகிறேன். ஓம், நான்தான்.

டென்மார்க் சோதனை சித்திரையில். அவருக்குப் பொறுமை இல்லை. "போறதுக்கு முன்னம் ஒண்டாவது அடிச்சுப் பாக்க வேணும், சிவா. இல்லாட்டி அங்கை போய் வெக்கப்படுவன்" என்றார். சட்டம் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். புத்தகம் படித்து வேட்டைச் சோதனை எழுதியவர் அவர். காட்டுக்குள் ஆர் காணப்போகிறார்கள் என்றேன். அது என் வாயால் வந்தது, மறைக்கவில்லை.

பட்டியும் என்னால்தான். இருக்கையை மரத்தில் கட்டிவிட்டு அவர் பட்டியை எடுத்தார். நான் சிரித்தேன். "அத்தான், மான் அடிக்கப் போறியளோ, பஸ் ஓட்டப் போறியளோ?" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் பைக்குள் வைத்தார். இதை எழுதிவிட்டேன், இனி என்னைக் கேட்காதேங்கோ.

ஐந்தரை மணிக்கு மான் வந்தது. ரோடீர் என்கிற சின்ன மான். நல்ல எய்வு, முன்னங்காலுக்குப் பின்னால். எய்தவன் அதற்குப் பிறகு அசையக் கூடாது. அரைமணி இருந்த இடத்தில் இருக்க வேண்டும். துரத்தாவிட்டால் மான் கிட்டடியில் படுத்துவிடும், துரத்தினால் காடு தாண்டும். நூறு தடவை சொல்லியிருந்தேன். மண்டபத்தில் ரப்பர் மான் ஓடுவதில்லை, அதனால் அவருக்கு அந்தப் பாடம் ஏறவே இல்லை. எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க எழும்பிச் சரிந்தார். விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது.

ஓடிப் போனேன். "சிவா, காலைத் தெரியேல்லை" என்றார். அந்த நிமிடம் எனக்கு அம்புலன்ஸ் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு யூடிஐ வந்தது. லொட்ஜ் வந்தது. "பொறுங்கோ அத்தான், இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தில் தாட்டேன். பிறகு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மானைத் தேடினேன். சதுப்பில் செத்துக் கிடந்தது, அம்பைப் பிடுங்கினேன். திரும்பி வர நாற்பது நிமிடம். அவருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. என் ஜக்கெட்டைப் போர்த்தினேன். அவர் போனிலேயே கூப்பிட்டேன்.

அவர்தான் சொன்னார், "நீ போ. புஷ்பமலரைக் கூப்பிடுற அலுவலைப் பார்." இதை நீங்கள் அவரிடம் கேட்கலாம். சைரன் கிட்ட வந்ததும் ஓடினேன். ஜக்கெட்டையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். அதன் பையில் என் பஸ் அட்டை இருந்தது.

நீங்கள் எண்பத்தெட்டில் விமானம் ஏறியவர்கள். பயத்தை மறந்து கனகாலம். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சிவானந்தன்


வெஸ்ட்லி
04-03-2007

சிவா,

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். வரவேற்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். உன் சோபாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அவரிடம் கேட்டேன். நீ எழுதியது எல்லாம் சரி என்றார். "அவன் பயந்திட்டான், விடும்" என்றார். உன்னைப் பற்றி ஒரு சொல் பிழையாகச் சொல்லவில்லை. எனக்கு அவர் மீதும் ஆத்திரம் வந்தது.

டொக்டரிடம் விசாரித்தேன். விழுந்த உடனேயே எலும்பு போய்விட்டது, அந்த நாற்பது நிமிடத்தால் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை என்றார். கேட்டு நீ ஆறுதல்படலாம். நான் படவில்லை. நீ அவரை முடமாக்கவில்லை, சரி. குளிரில் கிடந்த மனிதனின் மேலிருந்து ஜக்கெட்டை உருவினாய். அதற்கு எந்த டொக்டரிடம் போய்க் கேட்பது? பயம் எனக்கு மறந்துவிட்டதாம். பொலிஸ் மேசையில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.

பொலிசிலிருந்து கடிதம் வந்தது. சாட்சி இல்லை என்று வழக்கை மூடிவிட்டார்கள். இனி உன்னை யாரும் தேடவில்லை. நீயும் பொலிசுக்குப் போக வேண்டாம், அது எனக்குத் தேவையில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நில். அவர் முகத்தைப் பார். என்ன சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்லு. ஒன்றும் சொல்ல வராவிட்டால் சும்மா நின்றுவிட்டுப் போ. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் கழுத்தைத் திருப்பப் பார்க்கிறார். ஆரை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

புஷ்பமலர் வரும்வரை பொறு என்று எழுதாதே.

அக்கா


பொட்ஸ்பியோர்ட்
02-09-2008

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை வருடமாகப் பதில் எழுதவில்லை. நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னதையே எழுத இருந்தேன், அதனால் எழுதவில்லை.

புஷ்பமலர் ஆனியில் வந்து சேர்ந்தாள். கார்டமூன் விமான நிலையத்தில் அவளை ஏற்றிக்கொண்டு அப்படியே வடக்கு விமானம் பிடித்தோம். உங்கள் வீடு ரயிலில் எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டாள். தூரம் என்றேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. போன மாதம் எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. கடிதத்தைப் பிரித்த அன்று சந்தோசப்பட்டிருக்க வேண்டும், மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மீனை வெட்டும்போது அத்தானின் பல் அடிக்கும் சத்தம் கேட்கிறது. இங்கே எவருக்கும் சொல்ல முடியாது.

இனி என்னால் இப்படி இருக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடப் போகிறேன். செப்டெம்பர் 18, வியாழக்கிழமை. ஒரு மணிக்கு நீங்கள் இருவரும் வீட்டில் இருங்கள். அத்தானிடம் சொல்லி வையுங்கள்.

தம்பி சிவா


வெஸ்ட்லி
28-09-2008

சிவானந்தனுக்கு,

உன் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை மகள் ஆரபியைக் கொண்டு வாசிப்பித்தார்.

வியாழன் காலை முகம் வழிக்கச் சொன்னார். கட்டிலில் கிடக்கிற மனிதருக்கு முகம் வழிப்பது எனக்கு இப்போது கைவந்த வேலை, ஆனாலும் அன்று இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். நீலச் சட்டை கேட்டார். வேட்டைக்காரர் அட்டையை அந்தச் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் படுத்தபடியே அதைப் புதுப்பித்து எடுக்கிறார், உனக்கு அது தெரியாது. "சிவாவோடை அதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம், அவனுக்கு லேசாயிருக்கும்" என்றார். நான் கணவாய்க் கறி வைத்தேன். உனக்கு வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வைத்தேன்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. "வந்திட்டான், உள்ளை வரச் சொல்லும்" என்று அவர் கூப்பிட்டது வெளியே படிக்கட்டுவரை கேட்டிருக்கும்.

இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ஒரு பெண், ஒரு ஆண். ஒரு மணிக்கு நாங்கள் இருவரும் வீட்டில் காத்திருப்போம் என்று நீ சொன்னாயாம். புதன்கிழமையே ஒஸ்லோ பொலிசுக்கு வந்து மூன்று மணித்தியாலம் வாக்குமூலம் கொடுத்தாயாம். அழுதாயாம். அந்தப் பெண் அதை இரக்கத்தோடு வாசலிலேயே சொன்னாள்.

எல்லாம் உண்மைதான் எழுதியிருந்தாய். வில் அத்தானுடையது, எய்தது அத்தான், காட்டுக்கு வரக் கேட்டது அத்தான். தங்கச்சி மாதிரி இருந்த அந்தப் பொலிஸ்காரி அவர் கட்டிலருகே முழங்காலில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்து, சரியா, சரியா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். பட்டியைப் பற்றிய உன் பகிடியும் அதில் இருந்தது. அதற்கு மட்டும், "அது அவன்ரை பிழை இல்லை, நான்தான் கட்டேல்லை" என்றார். ஒலிப்பதிவைப் பற்றி என்னிடமும் கேட்டார்கள். சொந்தத் தம்பிக்கு எதிராக இந்த நாட்டில் அக்கா சாட்சி சொல்லத் தேவையில்லையாம், வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமாம். தமிழ் இல்லை என்று நான் சொன்னதற்கு ஒரு அவசியமும் இருக்கவில்லை.

அவர் நிலைமையைப் பார்த்து வழக்குப் போட மாட்டார்கள் போலிருக்கிறது. வேட்டையாடும் உரிமை மட்டும் போகும் என்றார்கள். அட்டையைத் தரத் தேவையில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். "இல்லை, எடுத்துக் குடும்" என்று அவர்தான் என்னிடம் சொன்னார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர்கள் போனபிறகு உன் கோப்பையை மேசையிலிருந்து எடுக்கப் போனேன். "இருக்கட்டும். பொலிசிலையிருந்து நேரை இஞ்சைதான் வருவான்" என்றார். நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. நீ புதன் மாலையே விமானம் ஏறிவிட்டாய் என்பதை அந்தப் பெண் வாசலில் வைத்து எனக்குச் சொல்லியிருந்தாள். எத்தனை நேரம் நான் அதை வாய்க்குள் வைத்திருப்பது? சொன்னேன். "அவன் நேற்றே போயிட்டான். எங்கடை வாசலுக்கு வரேல்லை."

 நீ அவரைக் காட்டில் விட்டுப் போனதற்கு இந்த இரண்டு வருடத்தில் ஒருநாளும் அழாதவர். "என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி விடும்" என்றார்.

அவரால் தானாகத் திரும்ப முடியாது. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து நான்தான் திருப்பிவிட்டேன்.

இந்திரா